நல்ல கொழுப்பு

என் கணவருக்கு இரத்தத்தில் கொழுப்பு இருக்கிறது என்று தெரிந்த அன்று எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். கொழுப்பு என்றால் எங்களுக்குத் தெரிந்தது இரண்டே அர்த்தம். ஒன்று, ஆட்டிறைச்சியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பது. மற்றது வாய்த்துடுக்கு. முதலாவது ஒட்டுவதற்கு அவர் உடம்பில் இடமே கிடையாது. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு தெரியும். இரண்டாவது அவரிடம் தாராளமாக இருந்தது.

"அண்ணனுக்குக் கொழுப்புன்னு கண்டுபுடிக்க ரத்தமா எடுக்கணும்? எங்கள கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி, அடுத்த வீட்டுக்காரி.

அவரும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். மற்றப் பக்கம் அப்போது இன்னும் சரியாகத் திரும்பியிருக்கவில்லை.

கரவனெல்லயில் பஸ் மாறி, இறங்கிய பிறகும் மேட்டில் அரை மணி நேரம் நடக்க வேண்டிய ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. நான் அந்தப் பக்கத்துக்காரி அல்ல. பிறந்து வளர்ந்தது தலவாக்கலைக்கு மேலே, தேயிலை மலையில். அங்கே கடைக்கும் கோயிலுக்கும் தபால் கந்தோருக்கும் தமிழ் போதும். கல்யாணமாகிக் கீழே இறங்கி வந்த பிறகுதான், தோட்டத்து எல்லையைத் தாண்டினால் என் வாய்க்கு வேலை இல்லை என்று தெரிந்தது. இங்குள்ள எங்கள் ஆட்களே பாதிச் சண்டையைத் தமிழில் தொடங்கி மீதியைச் சிங்களத்தில் முடிப்பார்கள். எனக்கு ஹொந்தாய், எப்பா, கீயத என்ற மூன்று சொல் தெரியும். நல்லது, வேண்டாம், எவ்வளவு. அந்த மூன்றை வைத்துக்கொண்டு இருபத்து நான்கு வருடம் ஓட்டினேன். மற்றதெல்லாம் அவர் பேசினார்.

அவர் பால்வெட்டுக் கங்காணி, ரப்பர் பால் எடுப்பவர்களை மேற்பார்ப்பவர். ஆனால் தோட்டத்தில் அவருக்கு மரியாதை வந்தது கங்காணி வேலையால் அல்ல, சிங்களத்தால். பேசுவது மட்டுமல்ல, எழுதவும் தெரியும். அடையாள அட்டைக்கு, பிறப்புச் சான்றிதழுக்கு, பொலிசுக்கு, கிராம சேவகருக்கு என்று யாருக்கு என்ன கடிதம் வேண்டுமென்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, வெட்டுத் திருத்தம் இல்லாமல் எழுதுவார். நான் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக வேலை பார்த்தேன். பால்வெட்டப் போகும் பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகளைக் கவனித்துக்கொள்வது. எங்கள் ஒரே மகள் கல்யாணமாகிப் பதுளைப் பக்கம் போய்விட்டாள், கைக்குழந்தைக்காரி.

சுனாமி வந்ததற்கு மறு வருடம், மழை பிடித்த ஒரு காலையில் அது நடந்தது. மரம் ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. மழை விடட்டும் என்று, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக் கொட்டகையில் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். நான் எதிரே பிள்ளைக்காம்பராவைத் திறந்து பாய் விரித்துக்கொண்டிருந்தேன். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இவர் மேலதிகாரி பீல்ட் ஐயாவுக்கு ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல் குழைந்தது. வாயில் வெற்றிலையோடு பேசுவதுபோல. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

"கங்காணி காலையிலயே போட்டுட்டு வந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள்.

எனக்கு அவமானமாகிவிட்டது. எப்போதாவது குடிப்பவர்தான், ஆனால் காலையில் தொட்டதே இல்லை. இருந்தும் அந்த நிமிடம் நான் அதைத்தான் நம்பினேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வீட்டுக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு குழந்தைகளுக்குப் பால்மா கரைத்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. கால் மணியாக இருக்கலாம், அதைவிடக் கூடவும் இருக்கலாம். கதவைத் தட்டி, "அக்கா, அண்ணன் விழுந்துட்டாரு" என்றார்கள்.

தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எட்டு நாள் வார்ட்டில் இருந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் முதல் இரண்டு நாள் மரக்கட்டை மாதிரிக் கிடந்தன. பிறகு விரல் அசைந்தது. பேச்சும் வந்தது. அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து லயத்துக்கு நடந்து வந்தபோது, போன மனிதரைத்தான் திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நானும் நம்பினேன்.

ஒரு மாதம் கழித்துக் கிளினிக். வெறும் வயிற்றில் வந்து இரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனோம். ரிப்போர்ட் வந்த அன்று மறுபடி போனோம். டொக்டர் இளம் பெண். பொறுமையான பெண். ஒரு தாளில் குழாய் மாதிரி வரைந்து, அதன் உள்பக்கம் பேனாவால் இருட்டடித்துக் காட்டினார். ரிப்போர்ட்டில் இரண்டு இலக்கத்தைத் தொட்டுத் தொட்டு ஏதோ விளக்கினார். எல்லாம் சிங்களத்தில், அவரைப் பார்த்து. அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே "ஹொந்த" என்ற சொல் என் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த மூன்றில் ஒன்று. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிக் கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்தோம்.

"என்னாங்க சொன்னாங்க?"

"ரத்தத்துல கொழுப்பு ரெண்டு சாதி இருக்காம். நல்லது ஒண்ணு, கெட்டது ஒண்ணு. எனக்கு நல்லது கொறச்சலா இருக்காம்."

"அப்ப என்னா செய்யணுமாம்?"

அவர் தேநீர்க் கோப்பையை இடது கையால் சுற்றிக்கொண்டே இருந்தார். "கொறச்சலா இருந்தா என்னா செய்வாங்க? கூட்டணும்."

"மாத்திரையெல்லாம்?"

"ஒரு மாசத்துக்கு. அதோட சரி."

நோயாளியும் அவர்தான், எனக்கு டொக்டரின் வாயும் அவர்தான் என்பது அப்போது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. இருபத்து நான்கு வருடமாக உலகத்தில் யார் என்ன சொன்னாலும் அவர் வழியாகத்தானே எனக்கு வந்தது.

அன்றிலிருந்து நான் நல்ல கொழுப்பைக் கூட்டினேன். காலையில் இரண்டு முட்டை. ரொட்டிக்கு மாஜரின். முன்பு தேங்காயின் இரண்டாம் பாலில் வைத்த குழம்பை முதல் பாலிலேயே வைத்தேன். மகள் பதுளையிலிருந்து நெய் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு சூப், மேலே மிதக்கும் எண்ணெயை எடுக்காமல். பக்கத்துக் காம்பராக்காரி தன் கோழி இட்ட முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் உடம்பு தேறியது. கன்னம் வைத்தது. பார்த்தவர்களெல்லாம், "நல்லாப் பாத்துக்கிட்டீங்க அக்கா" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் அப்போது ஆள் இல்லை. பழையவர் ஓய்வில் போய், புதியவர் இன்னும் வரவில்லை.

அடுத்த கிளினிக்குக்குத் தனியாகப் போகிறேன் என்றார்.

"நானும் வாறேனே."

"உனக்குப் புள்ளக்காம்பரா இருக்கு. நான் என்னா பச்சப்புள்ளயா?"

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நான்கு மணிக்குத் திரும்பி வந்தார். கையில் மாத்திரைப் பொட்டலம் இல்லை. "வேணாம்னு சொல்லிட்டாங்க. ரத்தம் சுத்தமாம்" என்றார். ஒவ்வொரு முறையும் மருந்து எழுதும் கிளினிக் கொப்பியை அவரே தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். மறு மாதமும் போனார், அதற்கு மறு மாதமும் போனார். ஒவ்வொரு முறையும் இரத்தம் சுத்தம்.

அந்த மாதங்களில்தான் சின்னச் சின்னதாக ஏதேதோ நடக்கத் தொடங்கியது. எது முதலில், எது பிறகு என்று என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் என்னைப் பார்த்துச் சிங்களத்தில், "வத்துர டிக்கக் தென்ன" என்றார். எனக்குப் புரியவில்லை. விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதையே மறுபடி சொன்னார், கொஞ்சம் கோபமாக. பிறகு தானே எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். பீல்ட் ஐயா சிங்களத்தில் ஏதோ கேட்டபோது இவர் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே போனாராம். ஐயா நல்ல மனிதர். இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, அவரைப் பிரட்டிலிருந்து எடுத்து ஸ்டோரில் காவலுக்கு வைத்தார்.

பிறகு அந்தக் கடிதம். பக்கத்துக் காம்பராக்காரி தன் மகளின் அடையாள அட்டைக்காக எழுதி வாங்கிக்கொண்டு போன கடிதத்தைக் கிராம சேவகர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

"அக்கா, ஒரே வசனத்தையே அஞ்சு தடவ எழுதியிருக்காராம். அண்ணனுக்கு என் மேல ஏதும் கோவமா?"

எனக்குச் சிங்கள எழுத்து தெரியாது. ஆனாலும் தாளைப் பார்த்ததும் புரிந்தது. ஒரே வடிவம், ஒன்றுக்குக் கீழே ஒன்று, நட்ட ரப்பர் மரம் மாதிரி வரிசையாக நின்றது. கை தேறிய பிறகு கையெழுத்து பழையபடி அழகாகத்தான் இருந்தது. அவரிடம் கொடுத்துக் கேட்டேன். மேலிருந்து கீழ்வரை வாசித்துப் பார்த்தார்.

"சரியாத்தானே இருக்கு" என்றார்.

இது நோயா, பிடிவாதமா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஏனென்றால் நடுவில் மூன்று நாள் பழைய மனிதராகவே இருப்பார். கேலி பேசுவார், மகளுக்கு அடுத்த குழந்தை பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்று பட்டியல் போடுவார். நான்காம் நாள் பிளேன்டீயில் உப்பைப் போட்டுக் கலக்கி, முகம் சுளிக்காமல் குடிப்பார். கண்ணூறு என்று ஒருத்தி சொன்னாள். கோயிலில் நூல் கட்டினேன். உடம்பில் பலம் போதவில்லையோ என்று நினைத்து இன்னொரு முட்டையைக் கூட்டினேன்.

ஒருநாள் ஸ்டோரிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. தேடிப்போனவர்கள் இரண்டாம் டிவிசனில் மரங்களுக்கு நடுவே அவர் நிற்பதைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அவர் நடந்த மலை அது. எந்த மரத்தில் பட்டை பழுது, எந்த மரத்தில் சிரட்டை நிறையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"ஏங்க அங்க நின்னீங்க?"

"வழி தெரியல. எல்லா மரமும் ஒண்ணு மாதிரியே இருக்கு."

அது உண்மைதான். எல்லா மரமும் ஒன்று மாதிரிதான் இருக்கின்றன. அப்படியானால் இத்தனை வருடம் இவருக்கு வழி எப்படித் தெரிந்தது? அன்று முழுக்க எனக்கு இந்த யோசனைதான். மலை மாறவில்லை, மரம் மாறவில்லை.

மறுநாள் பிள்ளைக்காம்பராவில் வேறொருத்தியை இருக்கச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவரை டவுனுக்குக் கூட்டிப்போனேன். அந்தக் காலத்தில் வடக்கில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள். முன்பெல்லாம் அந்த இடத்தில் எனக்குப் பயமே இருந்ததில்லை. அவர் ஆமிக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவார், அவர்கள் சிரிப்பார்கள், எங்கள் ஆட்கள் எல்லோரும் அவர் பின்னாலேயே ஏறிவிடுவோம்.

அன்று ஒரு இளம் ஆமிக்காரர் அவரிடம் ஏதோ கேட்டார். எங்கே போகிறீர்கள் என்றாக இருக்கும்.

"நல்லா இருக்கேன் தம்பி. நீங்க?" என்றார் இவர், சத்தமாக, தமிழில்.

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆமிக்காரர் மறுபடி கேட்டார்.

"மழ வரும்போல இருக்கு" என்றார் இவர்.

இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் சேர்த்து நீட்டினேன். ஆமிக்காரர் கொப்பியைத் திறந்தார், ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்தார், பிறகு என் கணவரின் வாயைப் பார்த்தார். என்னிடம் திரும்பி மெதுவாக ஏதோ கேட்டார். தாத்தா என்ற சொல் மட்டும் விளங்கியது, சிங்களத்தில் அப்பா. சுகமில்லையா என்று கேட்டிருப்பார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "எப்பா" என்று வந்தது. வேண்டாம் என்று. எதை வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. கொப்பியை என் கையில் திரும்ப வைத்துவிட்டு, இவருடைய முழங்கையைப் பிடித்து பஸ் படியில் ஏற்றிவிட்டார்.

பஸ் நகர்ந்த பிறகு இவர் என் பக்கம் திரும்பி நல்ல சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தாள். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று கிளினிக் நாள் இல்லை. எங்கே போவது, யாரிடம் என்ன சொல்வது என்று புரியாமல், டவுனில் தமிழில் பேச எனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள மருந்துக்கடை. அந்த முஸ்லிம் பெரியவரை எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். இவரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கொப்பியைக் கொடுத்தேன்.

நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதற்கடுத்ததையும் திருப்பினார். எல்லாம் வெற்றுத் தாள்.

"இந்த நாலு மாசமும் மருந்து எங்க எடுத்தீங்க தங்கச்சி?"

"வேணாம்னு சொல்லிட்டாங்களே நானா."

"யாரு சொன்ன?"

நான் பெஞ்சைப் பார்த்தேன். அவர் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கியிருந்த தைலப் பெட்டிகளின் பெயர்களை விரலால் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

நானா கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை விரித்தார். "இங்க பாருங்க. நல்ல கொழுப்பு கொறவு. அது மெய்தான். ஆனா கெட்டது கூட. இந்தா, டொக்டர் எழுதியே ஈக்கிறாங்க. தேங்காப்பால், நெய், முட்டை மஞ்சள் எல்லாம் கொறைக்கச் சொல்லி. மாத்திரை நிப்பாட்டச் சொல்லி எங்கயும் எழுதல்ல. மாசாமாசம் வந்து எடுக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கு."

"நல்லது கொறஞ்சா கூட்டணும் இல்லையா நானா? நான் முட்டையும் நெய்யும் குடுத்துக் கூட்டினேனே."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுல கூடுறது நல்லது இல்ல தங்கச்சி" என்றார். அதற்குமேல் என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு துண்டில் சிங்களத்தில் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்து, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் இதைக் காட்டச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போது இவரிடம் கேட்டேன். தெருவில் நின்றுதான் கேட்டேன்.

"ஏங்க எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க? மருந்து வேணாம்னு யாரு சொன்னா?"

"அவங்கதான் சொன்னாங்க."

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம எங்க போனீங்க?"

"கிளினிக்குக்கு."

"கொப்பியில ஒண்ணுமே எழுதலயே."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல. "நீ சிங்களம் படிச்சிருக்கணும்" என்றார்.

பொய் சொல்கிறவரின் முகம் எனக்குத் தெரியும். அது பொய் முகம் இல்லை. பிறகு ஒருநாள் பஸ் கண்டக்டர் சொன்னார்: கடைசி நிறுத்தம்வரை வருவாராம், பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம், யாராவது பஸ் கேட்டால் போர்டை வாசித்து வழி சொல்வாராம், மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிடுவாராம். யாருக்கோ காத்திருக்கிறார் என்று கண்டக்டர் நினைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு, இறங்கியதும் எதற்கு வந்தோம் என்பது போய்விட்டதா? அல்லது வாசல்வரை போய்த் திரும்பினாரா? எனக்குத் தெரியவில்லை.

அந்த இளம் டொக்டர்தான் அன்றும் இருந்தார். துண்டை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். இவருடைய கையில் பேனாவைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாக வந்தது. பன்னிரண்டு இலக்கத்தையும் வலது பக்கத்திலேயே அடுக்கினார். இடது பக்கம் வெறுமையாக இருந்தது. டொக்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவர் பேனாவை மூடி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

தமிழ் தெரிந்த ஒரு அட்டெண்டன்ட் அம்மாவைக் கூப்பிட்டார்கள். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "நான் குடுத்த சாப்பாட்டாலயா இப்படி ஆச்சு?"

அந்த அம்மா கேட்டுச் சொன்னார். டொக்டர் நீளமாகப் பதில் சொன்னார், கையை அசைத்து, இரண்டு முறை என் பக்கம் திரும்பி. அட்டெண்டன்ட் அம்மா அதை எனக்கு இப்படிக் கொடுத்தார்: "ஒங்களால இல்லயாம். பெரிய அடிக்குப் பொறவு சின்னச் சின்ன அடைப்பு மூளையில வந்திருக்கலாமாம். ஒழுங்கா மருந்து போட்டிருந்தாலும் வந்திருக்கலாமாம். வராமலும் இருந்திருக்கலாமாம்."

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா? நடுவில் என்ன விழுந்துபோனது? அதில் என்னைப் பற்றி ஏதாவது இருந்ததா? கேட்கவும் வழியில்லை. அன்றைக்குத்தான் சிங்களம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன், நாற்பத்தாறு வயதில்.

கற்றுக்கொடுத்தது, தன் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் பால்வெட்டப் போகும் ஒரு சிங்களப் பெண். பக்கத்துக் கிராமத்துக்காரி. பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவாள். அவள் தமிழில் தடுமாறுவாள், நான் சிங்களத்தில் தடுமாறுவேன். கிளினிக் வரிசையில் மீதியைக் கற்றுக்கொண்டேன். அங்கே பக்கத்தில் இருப்பவளிடம் நோயைப் பற்றிக் கேட்டால் போதும், மத்தியானம்வரை பாடம்தான். ஒரு வருடத்தில் எனக்கு ஓரளவு வந்துவிட்டது. நான் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அவருக்கு அது போய்க்கொண்டிருந்தது. தமிழும்தான்.

ஒருநாள் மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, ரிப்போர்ட் வந்த அன்று டொக்டர் சொன்ன வசனம் அப்படியே காதில் கேட்டது. "ஹொந்த எக்க அடுய், நரக்க எக்க வெடிய்." நல்லது குறைவு, கெட்டது அதிகம். முதல் பாதியை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது பாதி எங்கே போனது? அவர் மூளையில் விழவில்லையா, விழுந்தும் தங்கவில்லையா? என் காதிலும் முதல் சொல்தானே விழுந்தது. கையில் சட்டியோடு நின்றுவிட்டேன். பிறகு வேறொரு சந்தேகம் வந்தது. உண்மையிலேயே அன்று அப்படிக் கேட்டேனா, அல்லது மொழி தெரிந்த பிறகு நானாகக் கட்டிக்கொண்டதா? புரியாத மொழியில் கேட்ட வசனம் ஒரு வருடம் கழித்து ஞாபகம் வருமா? யாரிடம் கேட்டாலும் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை.

மாத்திரையை ஒருநாளும் தவறவிடவில்லை. நெய் போத்தலை மகளிடமே திருப்பி அனுப்பினேன். குழம்பில் தேங்காய்ப்பால் விடுவதை நிறுத்திவிட்டு, உள்ளிப்பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு வைத்தேன். அவர் கோபித்துத் தட்டைத் தள்ளிய நாளும் உண்டு. ஆறு மாதம் கழித்து இரத்தம் எடுத்தபோது டொக்டருக்குச் சந்தோஷம். இலக்கங்களை எனக்கே நேராகக் காட்டினார். கெட்டது இறங்கியிருந்தது. நல்லது கொஞ்சம் ஏறியிருந்தது. "ஹொந்தாய் அம்மே, கொடாக் ஹொந்தாய்" என்றார். நன்றாக இருக்கிறதாம், மிக நன்றாக. இந்த முறை எனக்கு முழுவதும் புரிந்தது.

அப்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர், செருப்பை எந்தக் காலில் போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்தம் சரியாகிவிட்டால் ஆளும் சரியாகிவிடுவார் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலேயே நினைத்திருந்தேன். டொக்டரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன், இரத்தம் திருந்தியும் இவர் ஏன் திருந்தவில்லை என்று. அவர் என் சிங்களத்தைக் கேட்டு முதலில் முகம் மலர்ந்தார், பிறகு கேள்வி புரிந்ததும் அந்த மலர்ச்சி போய்விட்டது. போன இடம் போனதுதான், இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் மருந்து என்றார். அதுவும் கொஞ்சம்தான் தடுக்கும் என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டேன். அது தனக்கும் தெரியாது என்று அந்தப் பெண் உண்மையைச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றுதான்.

அதற்குப் பிறகு என் கணவர் இரண்டரை வருடம் இருந்தார். பலகையை மடியில் வைத்து வாசலில் உட்காருவார், பேனா கேட்கமாட்டார். நடுவில் சண்டையும் முடிந்தது. பாலத்தில் யாரும் எங்களை இறக்கவில்லை என்பதை நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் சரி சரி என்றார். மகள் குழந்தையோடு வந்து ஒரு மாதம் தங்கினாள். அவள் மாத்திரை கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். நான் நீட்டினால் வாங்கிக்கொள்வார். ஆனால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. சில நேரம் நோனா என்பார், சிங்களத்தில் அம்மணி என்று, வீட்டுக்கு வந்த வெளி ஆளிடம் பேசும் மரியாதையோடு.

கடைசியாகப் போன கிளினிக்கில் டொக்டர் என்னிடம் கேட்டார். "ஒங்கள அடையாளம் தெரியுதா அவருக்கு?"

சிங்களத்தில் கேட்டதால் அல்ல, என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்றால், பெயர் ஏன் வரவில்லை? தெரியாது என்றால், என் கையை மட்டும் ஏன் நம்புகிறார்? டொக்டர் பேனாவோடு காத்திருந்தார். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது.

"தெரியும்போல இருக்கு" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். தெரியும் என்று எழுதினாரா, தெரியும்போல என்று எழுதினாரா என்று பார்க்கவில்லை. அடுத்த மாதம் இவருக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கி, ஒரு வாரத்தில் போய்விட்டார். பகல் பதினொரு மணிக்கு, வார்ட்டில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது. நர்ஸ் மிஸ்ஸி வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். புரிந்தது. ஆனாலும் கரண்டியை வைக்காமல் கஞ்சியை இன்னும் கொஞ்ச நேரம் ஆற்றிக்கொண்டிருந்தேன்.